பத்து அத்தியாயங்களில் ஒரு காவியம்

வீரகாவியம் என்றாலே பருத்த நூல் என்று அஞ்சுவோர் நம்மிற் பலர். டோல்கியன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட பெருங்கதை ஆயிரம் பக்கங்களைக் கடந்தது. அவ்வளவு பொறுமை இல்லாதோருக்கு, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் தந்த ‘எர்த்சீயின் மந்திரவாதி’ என்னும் சிறு நாவலைப் பரிந்துரைக்கிறோம்.

பத்தே அத்தியாயங்கள். எண்ணற்ற தீவுகளே அதன் உலகம். கொல்லனின் மகனும் ஆடு மேய்த்தவனுமான கெட் என்னும் சிறுவன் மந்திரக் கல்வி பயிலச் செல்கிறான். உடன் பயில்வோன் ஒருவனின் ஏளனத்தைப் பொறாமல், செருக்கு மிகுந்து, இறந்தோர் உலகிலிருந்து ஓர் ஆவியை அழைக்கிறான். கூடவே பெயரற்ற நிழலொன்று வெளிப்பட்டு அவன் முகத்தைக் கிழிக்கிறது. திறந்த வழியை அடைத்த முதுபெரும் தலைவர் உயிர் துறக்கிறார்.

அதன்பின் கதை விரைகிறது. பறவைநாகமும் கடற்பயணமும் வந்து போகின்றன. எனினும் நம்மைப் பிணிப்பது ஒரே கேள்வி: தன் பிழையிலிருந்து ஒருவன் எவ்வளவு தொலைவு ஓட முடியும்? அவன் ஓட ஓட நிழல் வலுக்கிறது. ஆசானின் சொற்படி அவன் திரும்பி நின்றதும், துரத்திய நிழல் ஓடுகிறது. முடிவில் அதை எப்பெயரால் அழைக்கிறான் என்பதை நாம் வெளியிடோம்.

செய்த தவற்றை மறைக்கப் பிள்ளைகள் படும் பாட்டைப் பெற்றோர் அறிவர். ஆங்கிலம் அறிந்தோர் இக்கதையைச் சில மாலைகளில் தமிழிற் சொல்லி முடிக்கலாம். அறிவுரை நுழையாத செவியிலும் இது நுழையும்.