வாத்தியாரும் அச்சு யந்திரமும்

வாத்தியார் உத்தியோகத்துக்கு வேண்டிய முக்கியமான மூலதனம் எது? சொல்லுங்கள், பார்க்கலாம். படிப்பு என்பீர்கள். பொறுமை என்பீர்கள். பிரம்பு என்று சொல்லும் பழைய காலத்து ஆசாமிகளும் உங்களில் ஓரிருவர் இருக்கக் கூடும். ஆனால், நாற்பது குழந்தைகளை ஓர் அறையில் வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை மல்லாடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "தொண்டை, ஸார், தொண்டை!" என்பார்கள்.

தொண்டைக்கு ஆதாரம் மூச்சு. மூச்சுக்கு ஆதாரம் நுரையீரல். அந்த நுரையீரலிலேயே குண்டடி பட்ட மனிதர் ஒருவர் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியாராக வந்து சேர்ந்தால் அவர் கதி என்ன ஆகும்? அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் ஸெலஸ்தேன் பிரெனே. பிரான்ஸ் தேசத்தின் தென்கிழக்கு மூலையில், மலைக் கிராமம் ஒன்றில், 1896-ஆம் ஆண்டில் பிறந்தவர். குடியானவர் வீட்டுப் பிள்ளை. நீஸ் நகரத்தில் உபாத்தியாயர் பயிற்சி பெற்றுக் கொண்டிருந்தபோது முதல் உலக யுத்தம் வந்தது. பட்டாளத்துக்குப் போனார். 1917-ல் குண்டு மார்பைத் துளைத்தது. உயிர் தப்பியதே பெரிது. ஆஸ்பத்திரிகளில் வெகு காலம் கிடந்து எழுந்தார்.

1920 ஜனவரியில், பார்-ஸுர்-லூ என்ற ஊரில் சின்ன வகுப்புக்கு அவரை வாத்தியாராக நியமித்தார்கள். வாசனைத் தைலத்துக்குப் பேர் போன கிராஸ் பட்டணத்துக்குப் பக்கத்து ஊர் அது. சுற்றிலும் ஆலிவ் மரங்கள். நாரத்தை மாதிரியான மரங்களில் தைலத்துக்காகப் பறிக்கும் வெள்ளைப் பூக்கள். ஊர் என்னவோ அழகுதான். ஆனால் வகுப்புக்குள் நுழைந்து பாடம் நடத்த ஆரம்பித்தால், சற்று நேரத்துக்கெல்லாம் நம் வாத்தியாருக்கு மூச்சு வாங்கியது. குரலை உயர்த்தினால் நெஞ்சு அடைத்தது. பிள்ளைகளோ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில் நாமாயிருந்தால் என்ன செய்வோம்? வேறு உத்தியோகம் தேடுவோம். அவர் வேறொன்று செய்தார். 'எல்லாப் பேச்சையும் நான்தான் பேச வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? குழந்தைகள் பேசட்டுமே!' என்று நினைத்தார்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். எந்தப் பிள்ளை என்ன சொன்னான், எதைப் பார்த்துச் சிரித்தான், எதற்குப் பயந்தான் என்று அதில் குறித்து வந்தார். பிறகு, மத்தியான்னங்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றக் கிளம்பினார். நெசவுக்காரரின் தறி, தச்சுப் பட்டறை, எண்ணெய் ஆட்டும் இடம், ஆற்றங்கரை எல்லாவற்றையும் பார்த்தார்கள். திரும்பி வந்ததும், பார்த்ததைப் பிள்ளைகள் சொல்ல, அவர் கரும்பலகையில் எழுதினார். பிள்ளைகள் கண் கொட்டாமல் வாசித்தார்கள். அவர்கள் சொன்ன வார்த்தைகள் அல்லவா?

ஆனால் இங்கே ஒரு சங்கடம். சாயந்திரம் கரும்பலகையைத் துடைத்துத்தானே ஆக வேண்டும்? மறுநாள் காலையில் பாடப் புத்தகத்தைத் திறந்தால், அதில் பிள்ளைகள் கண்டும் கேட்டும் இராத யாரோ ஒருவருடைய சமாசாரம். நேற்றைய உற்சாகம், துடைத்த சுண்ணாம்புத் தூளோடு பறந்து போயிற்று.

துடைத்தாலும் அழியாமல் அந்த வாக்கியங்களை நிறுத்தி வைக்க வழி உண்டா என்று யோசித்தார் பிரெனே. 1924-ஆம் ஆண்டில் வழி கிடைத்தது. ஒரு சின்னக் கை அச்சு யந்திரத்தை வாங்கி வகுப்பில் கொண்டுவந்து வைத்தார்!

அச்சுக்கூடம் பார்த்திருக்கிறீர்களா? அந்த நாளில் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார்கள். எழுத்து ஒவ்வொன்றும் கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலம் மாறியிருக்கும். ஓர் எழுத்துத் தவறினால் அதைப் பிடுங்கி எடுத்துத் திருத்த வேண்டும். கை தேர்ந்த கம்பாஸிடர்களுக்கே கண் பூத்துப் போகும் வேலை. இதைப் பொடிப் பிள்ளைகள் செய்வார்களா என்று நீங்கள் கேட்கலாம். செய்தார்கள்! ஆளுக்கு ஒரு வரி கோத்தார்கள். ஒருவன் மை உருளையைத் தள்ளினான், ஒருவன் காகிதம் வைத்தான், ஒருவன் அழுத்தினான், இன்னொருவன் ஈரம் காயாத தாளை எடுத்துக் கொடியில் போட்டான். "எழுத்துப் பிழை இல்லாமல் எழுது" என்று நூறு தடவை சொல்லியும் ஏறாதது, ஈய எழுத்தைக் கையில் பிடித்ததும் ஏறிவிட்டது.

எதை அச்சடிப்பது என்பதில் வாத்தியார் தலையிடவில்லை. பிள்ளைகள் அவரவர் எழுதியதை வாசிப்பார்கள். எது நன்றாயிருக்கிறது என்று கை தூக்கித் தீர்மானிப்பார்கள். தேர்ந்ததை எல்லோரும் சேர்ந்து கரும்பலகையில் செப்பனிடுவார்கள். பிறகுதான் அச்சு. பிள்ளைகள் நத்தைகளைப் பிடித்து வந்து பந்தயம் விட்டார்கள் என்றால், அன்றைக்கு நத்தைப் பந்தயம்தான் பாடம். அச்சான தாள்களைச் சேர்த்துத் தைத்தால் அதுவே புத்தகம்.

எழுதுகிறவனுக்கு மை மட்டும் போதுமா? வாசிக்க ஆள் வேண்டாமா? அதற்கும் வழி பிறந்தது. தேசத்தின் இன்னொரு கோடியில், அட்லாண்டிக் சமுத்திரக் கரையில், பிரிட்டானி மாகாணத்தில் ரெனே தானியேல் என்று ஒரு வாத்தியார் இருந்தார். அவரும் தம் வகுப்பில் அச்சு யந்திரம் வைத்தார். மலையிலிருந்து தாள்கள் கடற்கரைக்குப் போயின. கடற்கரைத் தாள்கள் மலைக்கு வந்தன. மீன்பிடிப் படகையே அறியாத பிள்ளைகளும், ஆலிவ் மரத்தையே அறியாத பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுத் துளைத்தார்கள். தபால்காரர் வரும் நேரத்தைப் பள்ளிக்கூடமே எதிர்பார்த்துக் காத்திருந்தது.

வாத்தியாரும் சும்மா இருக்கவில்லை. தம் அனுபவங்களைப் பத்திரிகைகளில் எழுதினார். 1927-ல் புத்தகமாகவே போட்டார். அதே வருஷம், பல பள்ளிப் பிள்ளைகள் எழுதியவற்றைத் திரட்டிக் 'கதிர்க் கட்டு' என்ற பொருளில் பெயர் சூட்டிய பத்திரிகை ஒன்றும் கிளம்பியது. மூலை முடுக்குகளில் தன்னந் தனியாய் உழைத்துக் கொண்டிருந்த உபாத்தியாயர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவருக்கு வாய்த்த மனைவி எலீஸும் வாத்தியார் அம்மாள்தான். நல்ல சித்திரக்காரி வேறு.

'கதை சுபமாக முடிந்தது' என்று இங்கேயே நிறுத்திவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் உண்மைக் கதைகள் நம் சௌகரியப்படி முடிவதில்லையே!

1928-ல் தம்பதிகள் ஸேன் போல் என்ற ஊருக்கு மாறினார்கள். பள்ளிக்கூடத்தைச் சுத்தமாக வைக்கவும், ஏழைப் பிள்ளைகளுக்கு வேண்டிய சாமான்கள் கிடைக்கவும் பிரெனே ஊர் நிர்வாகத்தை விடாமல் கேட்டு வந்தார். அவர் பொதுவுடைமைக் கட்சிக்காரர் என்பதும் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு பையன் தான் கண்ட கனவை எழுதினான். சாமான் வாங்கப் பணம் தராத ஊர்த் தலைவர் மீது வகுப்பே பாய்கிறது, அவர் கொல்லப்படுகிறார். இதுதான் கனவு. வழக்கம் போல் அதுவும் அச்சாயிற்று.

1932 டிஸம்பரில் ஒரு நாள் பொழுது விடிந்தபோது, ஊர்ச் சுவர்களில் அந்தக் கனவு சுவரொட்டியாகத் தொங்கியது. பிள்ளைகள் கோத்த எழுத்தையே பிள்ளைகளின் வாத்தியார் மேல் திருப்பி எறிந்தார்கள். 'பச்சைக் குழந்தைகளுக்குக் கொலை கற்றுக் கொடுக்கிறான்!' என்று கூச்சல் எழுந்தது. பாரிஸ் பத்திரிகைகள் வரை விவகாரம் போயிற்று. சில பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திக் கொண்டார்கள். சிலர் வாத்தியார் பக்கம் நின்றார்கள். 1933 வசந்த காலத்தில் கூட்டம் பள்ளிக்கூடத்தை வளைத்துக் கொண்டது. கடைசியில் மேலிடம் அவரை அங்கிருந்து மாற்றிவிட்டது.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கனவை அச்சிட்டது சரிதானா? உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் அந்தப் பையனின் தாயாராயிருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? பிள்ளையை நிறுத்திய பெற்றோர்களை நான் பரிகசிக்க மாட்டேன். அவர்களுக்குப் பயம், அதுவும் பாசத்தில் பிறந்த பயம். ஆனாலும் ஒன்று தோன்றுகிறது. பையன் கனவில் கோபம் இருந்தது என்றால், அந்தக் கோபம் தாளுக்கு வருமுன்பே அவன் மனசில் இருந்தது. 'உன் மனசில் இருப்பதைச் சொல்' என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு, சொன்ன பிறகு 'இதைச் சொல்லலாமா?' என்று அதட்டினால், அப்புறம் அது ஆயுளுக்கும் நமக்குப் பிடித்ததை மட்டுமே சொல்லும். வாத்தியார் அந்த அதட்டலைப் போட மறுத்தார். அதற்கு அவர் கொடுத்த விலை தம் உத்தியோகம்.

விலை கொடுத்தவர் ஓய்ந்து போனாரா? இல்லை. 1935-ல் வான்ஸ் என்ற ஊருக்கருகில் குன்றின் மேல் சொந்தமாகப் பள்ளிக்கூடம் திறந்தார். ஸ்பெயின் தேசத்து உள்நாட்டு யுத்தத்தில் அகதிகளான குழந்தைகளுக்கு அங்கே இடம் கொடுத்தார். 1940-ல் அவரைக் கைது செய்து முகாமில் அடைத்தார்கள். அங்கிருந்து வெளிவந்து, யுத்தம் முடிந்ததும் மறுபடி வேலையைத் தொடங்கினார். 1947-ல் உபாத்தியாயர்களே கூடி நடத்தும் ஸ்தாபனம் ஒன்று அவர் முயற்சியால் ஏற்பட்டது. 1949-ல் அவர் கதையை ஒட்டி ஒரு சினிமாவே வந்தது. 1966-ல் அவர் காலமானார்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். 1991-ல் அந்தக் குன்றின் மேலிருந்த பள்ளிக்கூடத்தைப் பிரெஞ்சு அரசாங்கமே ஏற்றுக் கொண்டது. எந்த வாத்தியாரை ஊரை விட்டு மாற்றினார்களோ, அவர் பள்ளிக்கூடம் சர்க்கார் பள்ளிக்கூடமாயிற்று!

'ஈய எழுத்தும் கை யந்திரமும் போன காலத்தில் இந்தக் கதை எதற்கு?' என்று கேட்பீர்கள். வாஸ்தவம். இன்றைக்கு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அச்சுக்கூடத்தை விடப் பெரிய அற்புதம் ஒன்று கிடக்கிறது. ஆனால் பிரெனே கண்டது யந்திரத்தை அல்ல. 'நான் சொல்வதைக் கேட்க யாரோ காத்திருக்கிறார்கள்' என்ற நம்பிக்கை இருந்தால் குழந்தை எழுதும் என்பதைக் கண்டார். அந்த நம்பிக்கையைக் கடையில் விற்பதில்லை.

ஆகையால், உங்கள் வீட்டில் ஆறேழு வயதுக் குழந்தை இருந்தால் ஒரு காரியம் செய்து பாருங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், "இன்றைக்கு என்ன பாடம்?" என்று கேட்காதீர்கள். "வருகிற வழியில் என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். அது சொல்வதை, அது சொன்னபடியே, ஒரு தாளில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த குழந்தையானால் அதுவே எழுதட்டும். பிறகு அந்தத் தாளை ஊரிலிருக்கும் பாட்டிக்குத் தபாலில் போடுங்கள். பாட்டியைப் பதில் போடச் சொல்லுங்கள்.

பதில் வரும் நாளில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். மூச்சு வாங்கும் நெஞ்சோடு அந்த மனிதர் ஆயுள் முழுவதும் எதற்காக அலைந்தார் என்பது விளங்கும். குழந்தை எழுதியது உங்களைப் பற்றிய புகாராகவே இருந்தால்? அப்போதும் தபாலில் போடத்தான் வேண்டும். என்ன செய்வது! சென்ற வாரம் எங்கள் வீட்டிலிருந்து அப்படி ஒன்று போயிருக்கிறது. பாட்டியின் பதிலுக்குத்தான் நானும் காத்திருக்கிறேன்.