உள்ளேயிருந்து ஒரு பாட்டு

மெட்டாலிக்காவின் 'சானிடேரியம்' பாடலை இரைச்சல் என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிடும் தமிழாசிரியர்கள் நம் துறையில் மிகுதி. அவர்களோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. அவர்கள் இரைச்சல் என்பது ஒரு நாவலின் வழிவந்தது.

மனநோய் விடுதியில் இரவுப் பணியாளாக இருந்தவர் கென் கீஸி. அந்த அனுபவத்திலிருந்து 1962இல் 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' வந்தது. கதையைச் சொல்பவன் மருத்துவன் அல்லன், உள்ளே அடைபட்டவன். 1975இல் மிலோஸ் ஃபோர்மன் அதைத் திரைப்படமாக்கினார். பத்தாண்டுகள் கழித்து, இருபத்து மூன்று வயதைத் தாண்டாத நான்கு இளைஞர்கள் கோபன்ஹேகன் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் அமர்ந்து அதே அறையை இசையாக்கினர். 1986 மார்ச்சில் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' தொகுப்பில் அது வெளிவந்தது. ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வரிகளிலும் பூட்டப்பட்டவனே பேசுகிறான். நரம்பின்மேல் விரல் பட்டும் படாமலும் எழும் மணியோசையில் தொடங்கி, மெல்ல நடந்து, பிற்பாதியில் கதவை இடிக்கும் வேகம் கொள்கிறது அப்பாடல். அந்த வேகத்தைத்தான் இரைச்சல் என்கிறோம். அடைபட்டவன் ஆலாபனையா செய்வான்?

தமிழில் நாவல் இல்லாமல் இல்லை. 2003இல் மறைந்த கோபிகிருஷ்ணன் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' எழுதினார். தலைப்பே போதும். ஆனால் அந்தக் குரல்கள் அச்சைத் தாண்டி எந்த மெட்டிலும் ஏறவில்லை. நம் திரைப்பாட்டில் பைத்தியம் என்பது காதலுக்குப் பூட்டும் அணி. நகைச்சுவைக் காட்சியில் கல்லெறிந்து விரட்டப்படும் உருவம். 1999இல் 'சேது' பார்த்துக் கண்ணீர் விட்டோமே, காதலுக்கு விட்டோமா, சங்கிலிக்கு விட்டோமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டுண்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை எவ்வகையிலும் கூடாதென்றது. 2023 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, விக்கிரவாண்டியை அடுத்த குண்டலப்புலியூர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். சங்கிலி, அடி, பாலியல் வன்முறை என்று புகார்கள் வரிசைகட்டின. ஆட்கொணர்வு மனு ஒன்று உயர்நீதிமன்றம் போனதால்தான் அந்தக் கதவே திறந்தது. அதற்கு எந்தக் கவிஞர் ஒரு பாட்டுக் கட்டினார்? முகநூலில் இரண்டு நாள் கொதித்தோம்; அதோடு சரி.

பாட்டெழுதினால் சங்கிலி அறுந்துவிடுமா என்பார் சிலர். அறாது. ஒப்பாரியால் செத்தவர் எழுவதில்லை என்று நம் ஊர்ப் பெண்கள் ஒப்பாரியைக் கைவிட்டார்களா?

கோபிகிருஷ்ணனைப் பாடத்தில் வைக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னோம். மாணவர் மனம் சோர்ந்துவிடும் என்று விடை வந்தது. அந்த மாணவர்கள்தாம் காதில் மெட்டாலிக்கா ஒலிக்க, தினமும் விழுப்புரத்திலிருந்து விக்கிரவாண்டி வழியே திண்டிவனத்துக்குப் பேருந்தில் வருகிறார்கள்.