இரண்டு நாட்களுக்கு ஓர் ஊர் போதும்

கல்விச் சுற்றுலா பற்றிய அறிவிப்பு வந்துவிட்டால் வகுப்பறைகளில் எழும் ஆரவாரத்தைச் சொல்லவே வேண்டாம். மறுநாளே ஆளுக்கொரு பட்டியல் தயாராகிவிடும். எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை இடங்களுக்குப் போகிறோம் என்பதே பெரும் பேச்சாக இருக்கும். சென்ற ஆண்டு நாம் 3 நாட்களில் 14 இடங்களைப் பார்த்தோம். அவற்றுள் எனக்கு நன்றாக நினைவிருப்பவை மூன்றே. மற்றபடி மனத்தில் நிற்பவை பேருந்தின் சன்னல் கம்பியும், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வந்த தோழியின் வாடிய முகமும், “ஏறுங்கள், ஏறுங்கள், நேரமாகிவிட்டது” என்ற குரலும்தாம். கட்டணம் கட்ட இயலாமல் எங்கள் வகுப்பில் 9 பேர் வரவே இல்லை. நாங்கள் திரும்பி வந்து கதை கதையாய் அளந்தபோது அவர்கள் குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே இவ்வாண்டு இரண்டே நாட்கள், ஒரே ஊர், அதுவும் நடந்தே பார்த்துவிடக்கூடிய புதுச்சேரிக்குப் போகலாம் என்பது என் கருத்து. “ஒரே ஊரில் இரண்டு நாட்களா? சலித்துவிடாதா?” என்று ஆசிரியை ஒருவர் கேட்டார். அவருக்குப் பணிவுடன் சொல்லும் மறுமொழியே இக்கட்டுரை.

புதுச்சேரியின் பழைய நகரம் முட்டை வடிவிலே நான்கு பெருஞ்சாலைகளுக்குள் அடங்கியது. உள்ளே தெருக்கள் கட்டம் போட்டாற்போல் நேராக ஓடுவதால் வழி தவறிப் போகவும் முடியாது. நடுவே பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே கடல்வரை பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. வருகிறவர்களில் மிகப் பலர் கிழக்குப் பகுதியின் மஞ்சள் சுவர்களையும் காகிதப்பூக் கொடிகளையும் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு, புதுச்சேரியைப் பார்த்துவிட்டதாகத் திரும்பிவிடுகிறார்கள். இது பாதி ஊரைப் பார்ப்பதாகும். நாம் ஒரு நாளைக் கிழக்குக்கும், ஒரு நாளை மேற்குக்கும் ஒதுக்க வேண்டும்.

கிழக்கிலே வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் மறைந்திருக்கும்; தோட்டமும் நிழலும் உள்ளே இருப்பவர்க்கு மட்டுமே. வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதிக்குப் போனால் வீட்டுக்கு முன்னே திண்ணையும், தெருவை ஒட்டித் தூண்கள் தாங்கும் தாழ்வாரமும் இருக்கும். வெயிலில் போகும் வழிப்போக்கனுக்கும் அங்கே நிழல் உண்டு. ஒரே வெயிலுக்கு இரண்டு மக்கள் இரண்டு விதமாக விடை கண்டிருக்கிறார்கள்! பத்து நிமிட நடையில் கிடைக்கும் இந்தப் பாடம் பேருந்துச் சன்னலில் கிடைக்காது.

அதே பக்கத்தில்தான் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளையின் மாளிகை. 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. மிஷன் வீதியிலே நம் ஜென்மராக்கினி மாதா பேராலயம். ஊரார் சம்பா கோயில் என்பார்கள். இதன் அருகே இருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748இல் பிரெஞ்சு ஆட்சியில் இடிக்கப்பட்டதைப் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். 1761இல் ஆங்கிலேயர் நகரையே தரைமட்டமாக்கியபோது மாதா கோயிலும் தப்பவில்லை. இப்போதுள்ளது 1791இல் கட்டி முடிக்கப்பட்டது. இவ்விரண்டு செய்திகளையும் அந்த வீதியில் நின்றே நம் வரலாற்று ஆசிரியை சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லக்கூடாது. பாரதியார் 1908 முதல் 1918 வரை இவ்வூரில்தான் அடைக்கலம் புகுந்திருந்தார். ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக உள்ளது.

கிழக்குப் பகுதிக்கு நான் கேட்பவை சிலவே. கப்ஸ் கோயில் என்று வழங்கும் தேவதூதர் அன்னை ஆலயம், அதன் எதிரே நிற்கும் புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் சிலை (அவர் போர்க்களம் சென்றபோது வயது நம் அக்காமார்களின் வயதுதான்), அருங்காட்சியகம், கடற்கரைச் சாலை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளும் அச்சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வாகனங்களை விடுவதில்லை. ஆகையால் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

ஆரோவில்லும் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையும் வேண்டாம். இரண்டுக்கும் வண்டி வேண்டும். படகு இல்லையென்றால் 6ஆம் வகுப்புத் தங்கைகள் என்னை மன்னிக்க மாட்டார்கள் என்பது தெரியும். அரிக்கமேட்டை விடத்தான் எனக்கே மனம் வரவில்லை. ஆனால் 1945இல் வீலர் அங்கே நடத்திய அகழாய்வைப் படித்துவிட்டுப் போனால், அங்கே கிடைத்த பொருள்கள் சிலவற்றை அருங்காட்சியகத்திலேயே காணலாம். அது திங்கட்கிழமை திறவாது. நாள் குறிக்கும்போது கவனிக்க வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே மழை கொட்டும். சனவரியே நல்லது. அப்போதும் உச்சிவெயிலில் நடக்கக்கூடாது. காலை 6 மணிக்குப் புறப்பட்டு 11 மணிக்குள் தங்குமிடம் திரும்பி, உணவும் ஓய்வும் முடித்து மாலை 4 மணிக்கு மீண்டும் கிளம்பலாம். பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியை, ஆளுக்கொரு குடை, தண்ணீர்ப் புட்டி. புதுச் செருப்பு மட்டும் வேண்டாம்.

ஊருக்குள்ளே வண்டி வாடகை இல்லை. தங்குவதும் ஓர் இரவே. எனவே கட்டணம் சென்ற ஆண்டைவிடக் குறைவாகவே ஆகும். எவ்வளவு என்று தலைமைச் சகோதரி அவர்கள் முடிவு செய்யும் முன்னர், சென்ற ஆண்டு வராத அந்த 9 பேரின் பெற்றோரை அழைத்து, அவர்களால் எவ்வளவு இயலும் என்று முதலில் கேட்க வேண்டுகிறேன்.