அணிந்துரையை யாரிடம் கேட்பது?

படிக்காமல் எழுதிய அணிந்துரை முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். ஆசிரியரின் ஊர், பழகும் பண்பு, தமிழின் பெருமை எல்லாம் இருக்கும். நூலுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் இருக்காது. பல ஆண்டுகளாக நூல் மதிப்புரை எழுதிவருகிறேன். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு முன், “நாலு வரி போதும் சார், அட்டை அச்சுக்குப் போகுது” என்று கேட்பவர்களிடம் மறுத்துவிடுகிறேன். அவர்களுடைய உழைப்புக்கு அந்த நாலு வரி ஈடாகாது.

நம்மிடம் இதற்கொரு பழைய ஒழுங்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் என்ற இலக்கண நூலைச் செய்த பவணந்தி முனிவர், எத்தனை அரிய நூல் எழுதினாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறார். நூலுக்கு முன்னுரையாக அமையும் சிறப்புப் பாயிரத்தைச் சொல்ல உரியவர்கள் நால்வர்: நூல் செய்தவரின் ஆசிரியர், அவருடன் கற்றவர், அவருடைய மாணவர், நூலின் உரைகாரர். நால்வருமே நூலை உள்ளிருந்து அறிந்தவர்கள். ஊரறிந்த பிரமுகருக்கு அதில் இடமில்லை. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரும் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர், அதாவது உடன் கற்றவர், என்பது மரபு. பாயிரத்தில் சொல்ல வேண்டியவை என்று நன்னூல் அடுக்குவனவற்றில் இரண்டு எனக்கு முக்கியம்: கேட்போர், பயன். இந்த நூல் யாருக்கு? படித்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? இன்றைய பின்னட்டைகளில் இந்த இரண்டுக்கும் பதில் தேடிப் பாருங்கள்.

பாரம்பரிய நெல்லைப் பற்றி எழுதியவர் சினிமாப் பாடலாசிரியரிடம் போக வேண்டாம். விதை காத்துவரும் ஒரு விவசாயியிடம் கைப்பிரதியைக் கொடுக்கலாம். ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். பிடிக்காவிட்டால் எழுத வேண்டாம் என்றும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறுக்க முடிந்தவரின் பாராட்டுக்குத்தான் மதிப்பு.

மதிப்புரைக்குப் பல இதழ்கள் 2 பிரதிகள் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் அனுப்பினால் ‘வரப்பெற்றோம்’ பகுதியில் தலைப்பும் விலையும் வரும், அவ்வளவுதான். அந்தத் துறையில் எழுதிவருபவரைத் தேடி, ஏன் அவருக்கு அனுப்புகிறீர்கள் என்று கைப்பட இரண்டு வரி எழுதி வையுங்கள்.

கிடைத்த பாராட்டைப் பயன்படுத்துவதிலும் நேர்மை வேண்டும். 1855இல் வெளிவந்த, அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’ கவிதை நூலைப் படித்த சிந்தனையாளர் எமர்சன், விட்மனுக்கு மனமாரப் பாராட்டிக் கடிதம் எழுதினார். அந்தத் தனிக்கடிதத்தின் ஒரு வரியை, அனுமதி கேட்காமலே, அடுத்த ஆண்டுப் பதிப்பின் முதுகில் எமர்சன் பெயரோடு பொன்னெழுத்தில் பொறித்தார் விட்மன். அவர் பெரிய கவிஞர். ஆனாலும் செய்தது தவறு. வாட்ஸ்அப்பில் வந்த வாழ்த்தை அப்படியே பின்னட்டையில் போடுவதும் அதே தவறுதான். ‘நடை நன்று, பிற்பாதி தொய்கிறது’ என்ற வரியில் முன்பாதியை மட்டும் வெட்டி எடுப்பது அதைவிட மோசம்.

அந்தப் பிற்பாதியை இரண்டாம் பதிப்புக்கு எடுத்து வையுங்கள். திருத்தியபின் அந்த மதிப்புரையை எழுதியவருக்கே ஒரு பிரதி அனுப்புங்கள். அப்படி என்னிடம் திரும்பி வந்த நூல்களை முழுதாக மறுபடி படித்திருக்கிறேன், மறுபடி எழுதியும் இருக்கிறேன்.