ஞாயிறு மாலை ஐந்து மணி: தோல் ஊர்களின் கால்பந்துக் கோரிக்கைச் சாசனம்

தொலைக்காட்சியில் கால்பந்து காட்டும் உரிமையை வாங்கியவர்களுக்கும் இனி வாங்கப்போகிறவர்களுக்கும், பிரசார் பாரதிக்கும், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும், எங்கள் வட்டாரத்துத் தோல், காலணி ஏற்றுமதியாளர்களுக்கும், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டைக் கால்பந்து ரசிகர்கள் எழுதிக்கொள்வது:

உலகக் கோப்பைப் பந்தை விட்டுத் தோல் வெளியேறியதும், அந்தப் பந்து தூர்தர்ஷன் வழியாக எங்கள் வீடுகளுக்குள் நேரலையாக உருண்டு வந்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான். 1982 ஸ்பெயின் வரை தோல் பந்து. 1986 மெக்சிகோவில் முழுக்கச் செயற்கைப் பந்து. அந்தப் பந்தோடு மரடோனா ஓடியதை உள்ளூர்க்காரர்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் பார்த்தார்கள். பந்திலிருந்து தோல் போனதில் தோல் ஊர்க்காரர்களான எங்களுக்கு வருத்தம் கிடையாது. மழையில் ஊறிக் கல்லாகக் கனக்கும் பந்தைத் தலையால் முட்டியவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். எங்கள் வருத்தம் வேறு: வீட்டுக்குள் வந்த ஆட்டம் இத்தனை ஆண்டாகியும் விருந்தாளியாகவே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

அதை வீட்டு ஆளாக்குவது எப்படி என்பதில் அமெரிக்காவிடம் நாம் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. அமெரிக்கா எங்களுக்குத் தூரத்து ஊர் இல்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனை ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க அம்மையார் தொடங்கியது. இங்கே தைக்கும் காலணிகளில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி என்றதும் ஆர்டர் நிற்குமோ என்று இங்கே பலருக்குத் தூக்கம் போனது. கால்பந்தை மதிக்காத அந்த நாட்டுக்கு டிவி வழியாக அதை விற்கப் போய், அங்கத்திய டிவிக்காரர்களும் லீக்காரர்களும் செய்யாத கூத்து இல்லை. 1967இல் சிபிஎஸ் காட்டிய ஓர் ஆட்டத்தில் நடுவர் பீட்டர் ரோட்ஸ் 21 ஃபவுல் ஊதினார். அவற்றில் 11 விளம்பரத்துக்கு இடம் விடத்தான் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். 1990 உலகக் கோப்பையில் பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே விளம்பரத்துக்குப் போனார்கள். 1996இல் தொடங்கிய மேஜர் லீக் சாக்கர், அமெரிக்கனுக்குச் சமநிலை பிடிக்காது என்று தானே முடிவு செய்து, கடிகாரத்தைப் பின்னோக்கி ஓடவிட்டு, சமநிலையான ஆட்டங்களை 35 கெஜத்திலிருந்து ஓடிவந்து அடிக்கும் ஷூட்அவுட்டால் முடித்தது. நான்கு பருவத்தில் அதை அவர்களே கைவிட்டார்கள்.

பலித்தது எது? 1994 உலகக் கோப்பையை நடுவில் விளம்பரமே இல்லாமல் ஓடவிட்டு, விளம்பரதாரர் பெயரைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக வைத்தது பலித்தது. யுனிவிஷன் என்ற ஸ்பானிய மொழிச் சேனலில் ஆந்த்ரெஸ் காண்டோர் மூச்சுமுட்ட இழுத்த ‘கோ...ல்’ பலித்தது, ஸ்பானியம் ஓரெழுத்துத் தெரியாதவர்களும் அதைக் கேட்டார்கள். 2013இல் என்பிசி இங்கிலாந்து பிரீமியர் லீகின் 380 ஆட்டங்களையும் காட்டி, வார இறுதிக் காலைகளைக் கால்பந்துக்கென்றே பழக்கியதும் பலித்தது. பிற்பாடு பெரிய தொடராக வளர்ந்த டெட் லாசோ, அந்த ஆண்டு அந்தச் சேனல் எடுத்த ஒரு விளம்பரப் பாத்திரம். ஆட்டம் புரியாத அமெரிக்கனை அது கேலி செய்தது. ஆனால் பக்கத்தில் உட்காரவைத்துக் கேலி செய்தது. ஆட்டத்தை வளைத்த இடத்திலெல்லாம் தோற்றார்கள். நேரத்தையும் மொழியையும் சரிசெய்த இடத்தில் ஜெயித்தார்கள்.

இங்கே நடந்ததற்கு வருவோம். 2010 டிசம்பரில் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளைக் கொடுத்து 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. 2014 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. கிரிக்கெட் பார்க்கிறவனை இழுக்கக் கிரிக்கெட் முகம் வேண்டும் என்று கொச்சிக்குச் சச்சின், கொல்கத்தாவுக்குக் கங்குலி, சென்னைக்குத் தோனி. களத்தில் டெல் பியரோ, ட்ரெஸெகே, பிரெஸ், நம்ம சென்னைக்கு மட்டராஸி. பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. சென்னையின் எஃப்சி 2015இல் கோவாவிலும் 2018இல் பெங்களூரிலும் 3-2 என்று இறுதியாட்டம் ஜெயித்தபோது எங்கள் தெருவிலும் பட்டாசு வெடித்தது. ஆனால் முகத்தைப் பார்க்க வந்தவர்கள் முகம் போனதும் போய்விட்டார்கள். 2025 ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. நவம்பரில் வணிக உரிமைக்கு டெண்டர் திறந்தால் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. இதற்கு ஆளாளுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். பார்வையாளனை வளர்க்காமல் வாடகைக்கு எடுத்ததே முதற்காரணம் என்பது எங்கள் கணிப்பு.

ஆகவே கேட்கிறோம்.

முதலாவது, நேரம். ஷூ கம்பெனி வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸில் ஊர் திரும்பி, குளித்துச் சமைத்து நிமிரும்போது மணி எட்டைத் தாண்டும். ஏழரை மணி ஆட்டத்தின் முதல் பாதி எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. ஞாயிறு மாலை ஐந்து மணியைக் கொடுங்கள். வாராவாரம் அதே நேரம், அதே சேனல். இந்த வாரம் ஐந்து, அடுத்த வாரம் ஏழரை, அதற்கடுத்த வாரம் கிரிக்கெட் இருப்பதால் ஆப்பில் மட்டும் என்றால், பழக்கம் எங்கிருந்து வரும்?

அமெரிக்காவும் கனடாவும் மெக்சிகோவும் நடத்தும் 2026 உலகக் கோப்பையில் 104 ஆட்டங்கள். ஜூலை 19 அங்கே பகல் மூன்று மணிக்கு இறுதியாட்டம் என்றால் நமக்கு நள்ளிரவு 12.30. திங்கள் காலை பஞ்ச் வைக்க வேண்டியவர் என்ன செய்வார்? இப்படிப்பட்ட ஆட்டங்களை மறுநாள் மாலை முழுதாக, தமிழில் மறு ஒளிபரப்புச் செய்யுங்கள். அதற்கு முன்னோட்டம் போடும்போது ஸ்கோரைச் சொல்லித் தொலைக்காதீர்கள்.

இரண்டாவது, தமிழ். இதைத்தான் அழுத்திக் கேட்கிறோம். 2017இல் தமிழுக்கென்று தனி விளையாட்டுச் சேனல் வந்தது. கபடியைப் பாருங்கள்: புரோ கபடி ரெய்டுக்கு 30 விநாடி என்று கணக்குக் காட்டி, ஊர்க்காரன் பேசுகிற மொழியில் பேசியது, ஜெயித்தது. கால்பந்துக்கு வாய்க்கும் தமிழோ பல நேரம் இங்கிலீஷ் வர்ணனையை ஒரு விநாடி தாமதமாகச் சொல்கிற தமிழாக இருக்கிறது. ‘அவர் அதைத் தவறவிட்டிருக்கக் கூடாது’ என்று யாராவது திண்ணையில் பேசுவார்களா? ‘அட, காலியா இருந்துச்சே கோல்!’ என்றுதான் தலையில் அடித்துக்கொள்வார்கள். பெனால்டியைப் பெனால்டி என்றும் கார்னரைக் கார்னர் என்றும் சொல்லுங்கள், அதற்குத் தூய தமிழ் தேட வேண்டாம். ஆனால் ஆஃப்சைடைப் புரியவைக்கத் தெரிந்த ஆளை மைக் முன் உட்காரவையுங்கள். ரேஷன் கடையில் எல்லாரும் வரிசையில் நிற்க, ஒருவர் மட்டும் முன்னாலேயே போய்க் கவுன்டரில் கை நீட்டி நிற்கிறார். அவருக்குச் சர்க்கரை கொடுத்தால் செல்லாது. ஆஃப்சைடு அவ்வளவுதான். வீட்டில் உருதும் தெருவில் தமிழும் பேசுகிற ஆம்பூர்க்காரருக்கு இரண்டு மொழியிலும் இது புரியும். சென்னை வியாசர்பாடியில் ஆடி வளர்ந்தவர்களில், சந்தோஷ் டிராபி ஆடி ஓய்ந்தவர்களில் பேசத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நடிகர்களை விட்டுவிட்டு அவர்களைத் தேடுங்கள்.

மூன்றாவது, பந்து ஓடும்போது படத்தைச் சுருக்காதீர்கள். கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒரு முறை மூச்சு விட இடமுண்டு. இதில் இல்லை. பனியன் விளம்பரம் படத்தை மூலைக்குத் தள்ளிய நொடியில் விழுந்த கோல்கள் எங்களுக்கு நினைவிருக்கின்றன; பனியனின் பெயர் நினைவில்லை.

நான்காவது, இலவசம். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் சமிக்ஞையைத் தனியார் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். விளம்பர வருவாயில் உரிமையாளருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25. நல்ல சட்டம். ஆனால் அந்தச் சமிக்ஞை தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் இலவச டிஷ்ஷுக்கும் மட்டுமே, கேபிளுக்கு இல்லை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. எங்கள் தெருக்களில் பாதிக்கு மேல் கேபிள் இழுத்த வீடுகள். சட்டத்தைத் திருத்தக் கேட்கிறோம். திருத்தும் வரை, முதலமைச்சர் கோப்பையின் கால்பந்து இறுதியாட்டங்களையும் மாவட்ட லீக் ஆட்டங்களையும் டிடி தமிழிலும் அரசு கேபிளின் உள்ளூர்ச் சேனல்களிலும் காட்டுங்கள். ஒரு கேமரா போதும். பக்கத்துத் தெருப் பையன் ஆடுகிறான் என்றால் படம் ஆடினாலும் பார்ப்போம்.

ஐந்தாவது, பெண்கள். எங்கள் காலணித் தொழிற்சாலைகளில் அப்பர் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியச் சாம்பியன். மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்தியப் பெண்கள் லீகை வென்றது. இந்த ஆட்டங்களில் எத்தனையை உங்கள் சேனலில் காட்டினீர்கள்? பெண்கள் கால்பந்தைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லாதீர்கள். 2019 தீபாவளிக்கு, பெண்கள் கால்பந்தைக் கதையாக்கிய ‘பிகில்’ படம் பார்க்க நின்ற வரிசையை நாங்கள் பார்த்திருக்கிறோம். விஜய்க்காக வந்தார்கள் என்பீர்கள். சரி, வந்தவர்களைப் பிடித்து உட்காரவைக்க மறுவாரம் ஓர் அசல் ஆட்டத்தைக் காட்டியிருக்கலாமே?

ஆறாவது கோரிக்கை எங்கள் முதலாளிமார்களுக்கு. தமிழ்நாடு அரசு 2022இல் காலணி, தோல் பொருள்களுக்குத் தனிக் கொள்கை வெளியிட்டது. தோல் அல்லாத விளையாட்டுக் காலணித் தொழிற்சாலைகள் செய்யாற்றுப் பக்கமும் பனப்பாக்கத்துப் பக்கமும் வருகின்றன. விளையாட்டைக் காட்டிக் காலணி விற்கிற பிராண்டுகளுக்குத் தைக்கிறவை இவை. உங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் ஊருக்கு ஒரு மைதானம், கேன்டீனில் ஒரு பெரிய திரை. பாலாறு தண்ணீர் வராத காலத்தில் பிள்ளைகளுக்கு மைதானமாகிவிட்டது. தண்ணீர் வந்தால் சந்தோஷம்தான், அப்போது அவர்கள் எங்கே போவார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இந்தச் சாசனத்தின் நகல் மேலே குறிப்பிட்ட எல்லா அலுவலகங்களுக்கும் போகிறது. பதிலைத் தமிழில் அனுப்புங்கள்.