ஆறியது யார் பங்கு?

“எங்க வூட்டு ஆம்பளைங்க ஃபிரிட்ஜில வச்சதைத் தொடவே மாட்டாங்க.” மருமகளாக மீன்சுருட்டிக்கு வந்த முதல் வாரத்தில் அத்தை என்னிடம் சொன்னது இது. குரலில் குறையே இல்லை, பெருமைதான் இருந்தது. அந்த ஃபிரிட்ஜ் என் சீரோடு வந்தது. அதற்குள் தண்ணீர் பாட்டில், பூ, ஒரு குண்டான் இட்லி மாவு. அந்த மாவில் சுட்ட தோசையை மட்டும் எப்படித் தொடுகிறார்கள் என்று கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை.

சூடாகத்தான் சாப்பிடுவேன் என்கிற ஆணை நாம் நாக்கு ருசி தெரிந்தவர் என்கிறோம். அந்தச் சூட்டுக்கு ஆள் யார்? இரவு ஒன்பதரைக்கு அவர் கடையடைத்து வரும்வரை ஒருத்தி அடுப்படியில் விழித்திருக்க வேண்டும். ஒவ்வொரு தோசையாகக் கல்லிலிருந்து தட்டுக்குப் போக வேண்டும். சித்திரை வைகாசியில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சாய்ப்பில், புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ள அதைச் செய்ய வேண்டும். ஆடித் திருவாதிரைக்குக் கங்கைகொண்டசோழபுரம் வந்த உறவுக்காரர்கள் அப்படியே நம் வீட்டுக்கும் வந்தால், அணைத்த அடுப்பை மறுபடி மூட்ட வேண்டும். எல்லாரும் எழுந்தபின் அத்தையும் நானும் உட்காருவோம். அதற்குள் சோறு ஆறியிருக்கும், குழம்பில் காய் இருக்காது.

ஆக, ஆறிய சோறு அந்த வீட்டிலும் தினமும் சாப்பிடப்பட்டது. அது எங்கள் பங்காக இருந்தது, அவ்வளவுதான். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களின் தூக்குவாளியைத் திறந்து பாருங்கள். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வருபவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். வாளியில் இருப்பது பழையது. குளிர்ந்த சாப்பாடு நம் உடம்புக்கு ஒத்துவராது, சளி பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் எந்த உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள்?

நான் சாலட் செய்ய ஆரம்பித்தது இந்தக் கோபத்தில்தான். காலையில் செய்து மூடி வைத்தால் இரவு யார் வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடலாம். பரிமாற ஆள் வேண்டாம். சூடு ஆறிவிடும் என்கிற பயமுறுத்தலும் அதனிடம் செல்லாது.

வினிகர் கடைவீதி மளிகையிலேயே கிடைக்கிறது, ஃப்ரைடு ரைஸ் வண்டிக்காரர்கள் புண்ணியம். லேபிளைப் படித்து வாங்குங்கள். அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்து தயாரித்ததென்றால் அதைச் செயற்கை என்று அச்சிட்டிருக்க வேண்டும். பழத்திலோ கரும்பிலோ புளிக்க வைத்தது விலை கொஞ்சம் கூட, வாசனை நன்றாயிருக்கும். இது சீமைச் சரக்கு என்று முகம் சுளிக்கிறவர்கள் அகராதியில் ‘காடி’ என்ற சொல்லைப் பார்க்கலாம். வினிகருக்கும் அதுதான் பெயர், புளித்த கஞ்சிக்கும் அதுதான் பெயர். நம் பாட்டிமார் குடித்த புளிப்புக்குத் தூரத்துச் சொந்தம்.

வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, உப்புப் போட்டுக் கால் மணி நேரம் வைத்துப் பிழிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் கிண்ணம் முழுக்கத் தண்ணீர். வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து முதலில் வினிகரில் ஊறப்போட்டால் அதன் காரம் அடங்கும். கேரட்டும் முட்டைகோஸும் ஊற ஊற நன்றாயிருக்கும். தக்காளியையும் கொத்தமல்லியையும் சாப்பிடும்போது சேர்த்துக்கொள்ளலாம். முளைகட்டிய பயறு வயிற்றை நிரப்பும், ஆனால் பச்சையாகப் போடாதீர்கள். முளை கட்டுகிற ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் கிருமியும் சேர்ந்து வளரும், ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து ஆறவிடுங்கள். ஐரோப்பியச் சமையலில் மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் என்பார்கள். புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு அது போதாது, நான் சரிபாதி ஊற்றுகிறேன். எண்ணெய் என்றால் நல்லெண்ணெய். ஒரு சிட்டிகை கடுகுத்தூள் போட்டு அடித்தால் எண்ணெயும் வினிகரும் சீக்கிரம் பிரியாது. மிளகு, கொஞ்சம் வெல்லம். வினிகர் ஊற்றிவிட்டோமே என்று நாள்கணக்கில் வைக்க வேண்டாம். மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். மின்சாரம் நாள்முழுக்கப் போகிற அன்றைக்குச் செய்யவே வேண்டாம்.

முதல் நாள் மாமா கிண்ணத்தைப் பார்த்து, “இது என்னா, மாட்டுக்கா?” என்றார். அது எனக்கு வலிக்கவில்லை. என் கணவர் சொன்னதுதான் வலித்தது: “நல்லாத்தான் இருக்கு. பொரியல் எங்க?”

என் சண்டை அந்தக் கேள்வியோடுதான். 2011இல் அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் தந்தது. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் கை தேய்ந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை, நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் மிச்சமான நேரம் யார் கைக்குப் போனது? ஒரு சட்னி இருந்த இடத்தில் மூன்று சட்னி வந்தது. சாலட்டுக்கும் இதே கதிதான் காத்திருந்தது: சாம்பார், ரசம், பொரியல், அப்பளம், கூடவே சாலட். நறுக்க வேண்டியது இன்னும் கால் கிலோ.

பத்திரிகைகளும் இதைத்தான் செய்கின்றன. பெண்ணுக்குச் சாலட் என்றால் இடுப்பு குறைய. அவள் பசிக்கு என்று ஒருவரும் எழுதுவதில்லை. ஆணுக்கு என்றால் மருத்துவர் எழுதிக்கொடுக்கும்போது. சர்க்கரை அவருக்கு வருகிறது, கத்தி இவள் கைக்கு வருகிறது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியாவில் வீட்டுவேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் வேலை செய்கிற ஆண்களின் சராசரி. அப்படிச் செய்கிறவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இல் எண்ணியபோது தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. சாலட் தின்றால் அது தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை, இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். காய் தீர்ந்த குழம்பைக் கடைசியில் ஊற்றிக்கொள்கிற வழக்கத்தையும் இந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

ஃபிரிட்ஜ் இருக்கிறவள் பேசுகிற பேச்சு இது என்று ஒரு தோழி சொன்னாள். சரிதான். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் நறுக்கியவுடன் தின்ன வேண்டியதுதான். அங்கேயும் கேட்கலாம், யார் நறுக்கியது, யார் முதலில் உட்கார்ந்தது என்று.

நான் பொரியலை நிறுத்தினேன். சாலட் இருக்கிற நாளில் பொரியல் கிடையாது, இரவு அடுப்பும் கிடையாது. மதியச் சோறு, மோர், சாலட். ஞாயிற்றுக்கிழமைக்கு நறுக்குவது அவர். வெங்காயம் தடிதடியாக இருக்கிறது, இருக்கட்டும். பத்து நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. அத்தை என் பக்கம் நின்றார் என்று சொல்ல ஆசை, அப்படி நடக்கவில்லை. ஊரெல்லாம் சொல்லி வருத்தப்பட்டார். மகனுக்கு மட்டும் ஒளித்து இரண்டு தோசை சுட்டார். ஆனால் எனக்கு முன்பே தட்டுப் போட்டு உட்காரத் தொடங்கினார்.

போன மாதம் ஒரு ராத்திரி மாமா தானே எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தார். டப்பாவை எடுத்து, நின்றபடியே ஒரு வாய் போட்டுக்கொண்டு, “உப்பு பத்தல” என்றார்.

அத்தை தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அடுப்புக்குப் பக்கத்துல மூணாவது டப்பா.”