கப்பலின் டன் கணக்கும் கரையின் இழப்பும்

ஜவ்வரிசி அளவில், வெள்ளை வெளேரென்று இருக்கும் அந்தக் குருணை. வாளி, குடம், பை என்று பெரும்பாலான பிளாஸ்டிக் பொருட்களுக்கும் அதுதான் மூலப்பொருள். 2025 மே 25 அன்று அதை ஏற்றிக்கொண்டு லைபீரியக் கொடியுடன் வந்த ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. சில நாட்களிலேயே அந்தக் குருணை கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைகளிலும் ஒதுங்கத் தொடங்கியது. மணலோடு கலந்துவிட்டால் அதைப் பிரிப்பது பெரும்பாடு. சல்லடையில் சலித்து, மிஞ்சியதைக் கையால் பொறுக்க வேண்டும். அடுத்த அலை இன்னொரு கை குருணையைக் கொண்டுவந்து போடும்.

கடலுக்குப் போக முடியாமல் தவித்த மீனவக் குடும்பங்களுக்குக் கேரள அரசு உடனடி உதவியாக ஆயிரம் ரூபாயும் ஆறு கிலோ அரிசியும் அறிவித்தது. முழு இழப்பீட்டை யார் தருவது, எவ்வளவு தருவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது சர்வதேச வணிகக் கடல் சட்டம். அந்தச் சட்டத்தின் அளவுகோலில்தான் கோளாறு இருக்கிறது. கரையில் எவ்வளவு அழிந்தது என்று பார்க்கும் முன்பே, கப்பல் எத்தனை டன் என்று அது கேட்கிறது.

இதன் விளைவை இலங்கை ஏற்கெனவே அனுபவித்துவிட்டது. சிங்கப்பூரில் பதிவான ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ 2021 மே 20 அன்று கொழும்புக்கு அருகே தீப்பிடித்து, ஜூன் 2 அன்று மூழ்கியது. அதில் 1,486 கன்டெய்னர்கள் இருந்தன. 25 டன் நைட்ரிக் அமிலமும் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணையும் அவற்றில் அடக்கம். அமிலம் கசிவது வழியிலேயே தெரிந்திருந்தது. கசிந்த கன்டெய்னரை இறக்கிக்கொள்ளக் கத்தாரின் ஹமாத் துறைமுகமும் குஜராத்தின் ஹஜீரா துறைமுகமும் மறுத்துவிட்டன. கசிவோடு கப்பல் கொழும்பை நோக்கி வந்தது. களுத்துறையிலிருந்து நீர்கொழும்பு வரை மீன்பிடி நின்றுபோனது. ஆமைகளும் டால்பின்களும் செத்துக் கரை ஒதுங்கின.

வழக்கு கொழும்பு, சிங்கப்பூர், லண்டன் என்று மூன்று ஊர்களில் நடந்தது. 2023 ஜூலையில் லண்டன் கடல்சார் நீதிமன்றம் கப்பல் தரப்பின் பொறுப்பைச் சுமார் 19 மில்லியன் பவுண்டுக்குள் வரம்பிட்டது. 2025 ஜூலை 24 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் நூறு கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. தர முடியாது என்று கப்பல் நிறுவனம் செப்டம்பரில் கைவிரித்தது. ஒரே விபத்துக்கு இரு நீதிமன்றங்கள் சொன்ன தொகைகளுக்கு இடையே ஏறக்குறைய நாற்பது மடங்கு வித்தியாசம்!

லண்டன் தீர்ப்பின் பின்னால் ஒரு பழைய சலுகை இருக்கிறது. கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டத்தை பிரிட்டன் 1733இலேயே இயற்றியது. ‘டைட்டானிக்’ மூழ்கி 1,500 பேருக்கு மேல் இறந்த பிறகு, அதன் உரிமையாளர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் சுமார் 92,000 டாலருக்கு மேல் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று வாதிட்டார்கள். தப்பிய உயிர்காப்புப் படகுகளின் விலையும் பயணக் கட்டணமும் சேர்ந்த தொகை அது. இந்த வாதம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2024 மார்ச்சில் ‘டாலி’ கப்பல் பால்டிமோர் பாலத்தை இடித்து ஆறு தொழிலாளர்கள் இறந்தபோதும், உரிமையாளர்கள் 43.7 மில்லியன் டாலர் வரம்பு கோரி மனுப் போட்டார்கள்.

பல நாடுகள் பின்பற்றும் 1976ஆம் ஆண்டு பொறுப்பு வரம்பு உடன்படிக்கை, அதன் 1996ஆம் ஆண்டு நெறிமுறை ஆகியவற்றின்படி வரம்புத் தொகை கப்பலின் டன் அளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அதை உடைக்க வேண்டுமானால், சேதம் நேரும் என்று தெரிந்தே உரிமையாளர் பொறுப்பற்று நடந்தார் என்பதை நிரூபிக்க வேண்டும். கடலடியில் கிடக்கும் கப்பலையும் வேறு நாட்டில் இருக்கும் நிறுவனத்தையும் வைத்துக்கொண்டு ஒரு மீனவர் சங்கம் இதை நிரூபிப்பது எப்படி?

வரம்பு இல்லாவிட்டால் காப்பீடு கிடைக்காது, சரக்குக் கட்டணம் எகிறிவிடும் என்பது கப்பல் துறையின் வாதம். அதில் நியாயம் உண்டு. தூத்துக்குடியிலிருந்து ஆடை அனுப்பும் திருப்பூர்க்காரருக்கும் அந்தக் கட்டணம் முக்கியம். ஆனால் வரம்பு இருப்பது வேறு, அதை எதை வைத்துக் கணக்கிடுவது என்பது வேறு. ஒரே டன் அளவுள்ள இரண்டு கப்பல்களில் ஒன்று அரிசியும் மற்றொன்று அமிலமும் குருணையும் ஏற்றி வரலாம். இரண்டுக்கும் வரம்பு ஒன்றே என்றால், ஆபத்தான சரக்கால் வரும் லாபம் கப்பலுக்கும் நஷ்டம் கரைக்கும் போய்ச் சேருகிறது.

இதற்கு மாற்று வழி கடல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1967இல் ‘டோரி கேன்யன்’ எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்துக் கரையில் உடைந்த பிறகு, எண்ணெய் மாசுக்கென்று தனி உடன்படிக்கைகள் வந்தன. உரிமையாளர் தரும் தொகை போதாதபோது, கடல் வழியே எண்ணெய் பெறும் நிறுவனங்களின் பங்களிப்பில் உருவான சர்வதேச நிதியம் மிச்சத்தைத் தருகிறது. பிளாஸ்டிக் குருணைக்கு இப்படி எந்த நிதியமும் இல்லை. அதை எப்படிக் கட்டி, கப்பலில் எங்கே அடுக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024இல் வெளியிட்டவையும் பரிந்துரைகளே. அவற்றைக் கட்டாயமாக்கவும், குருணையை வாங்கி விற்கும் நிறுவனங்களின் பணத்தில் ஒரு நிதியம் அமைக்கவும் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும். அடிபட்ட இரண்டு நாடுகளுக்கும் அந்தத் தகுதி இருக்கிறது.

அதுவரை கையில் இருக்கும் வலுவான ஆயுதம், கப்பலைக் கைது செய்யும் அதிகாரம். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு கடல்சார் வழக்குகள் சட்டம் சென்னை, கேரளம் உள்ளிட்ட கடலோர உயர் நீதிமன்றங்களுக்கு அதைத் தந்திருக்கிறது. சுற்றுச்சூழல் சேதமும் அதில் அடங்கும். எல்சா வழக்கில் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கோரியது. மூழ்கிய கப்பலைப் பிடிக்க முடியாது. ஆகவே 2025 ஜூலையில், விழிஞ்ஞம் துறைமுகத்தில் நின்ற, அதே நிறுவனக் குழுமத்தின் ‘எம்.எஸ்.சி. அகிடெட்டா 2’ கப்பலைக் கைது செய்ய கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. செப்டம்பரில் அதன் விடுவிப்புக்கு 1,227 கோடி ரூபாய் பிணை கட்டச் சொன்னது. ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ வழக்கில் லண்டன் தீர்ப்பு வைத்த வரம்பைப் போல் பல மடங்கு அது.

பிணைத் தொகை வந்துவிட்டாலும், அதில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி நிற்கும். கேரளம் கோரிய தொகையில் மீனவர்களின் இழப்புக்கென்று சுமார் 526 கோடி குறிக்கப்பட்டிருக்கிறது. நீதிமன்றம் ஆதாரம் கேட்கும். விடிகாலையில் கரையில் ஏலம் போய், ரொக்கமாகக் கைமாறும் மீனுக்குப் பெரும்பாலும் ரசீது கிடையாது. எந்தப் படகு, எந்த நாள், எவ்வளவு மீன்பாடு என்று இறங்குதளங்களில் மீன்வளத் துறையும் கூட்டுறவுச் சங்கங்களும் தினமும் பதிந்து வைத்தால், அந்தக் குறிப்பேடு வழக்கு நாளில் சாட்சி சொல்லும். விழிஞ்ஞத்துக்கு வந்துபோகும் பெருங்கப்பல்களின் பாதையை ஒட்டியே குமரிக் கரையின் குளச்சலும் முட்டமும் இருக்கின்றன. அந்தப் பதிவை அங்கிருந்தே தொடங்கலாம்.